பாலேஸ்வரி மொழிபெயர்த்த கேள்வி

டோர்செட் பார்க்கில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஒன்பதாம் தட்டில் குடியிருந்த பாலேஸ்வரி, யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், பதினேழு வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். ரொறன்ரோவில் அவருக்குக் கிடைத்தது, கார்க் கதவுகளுக்கு ரப்பர் பூட்டுகிற தொழிற்சாலை வேலை. ஆனாலும் பிறப்புச் சான்றிதழ், கலியாணப் பதிவு என்று சனம் கொண்டுவந்த எல்லாவற்றையும் மத்தியானச் சாப்பாட்டு இடைவேளைகளில் மொழிபெயர்த்துக் கொடுத்தார். அவருடைய எழுத்தில் ஒரு கமாவும் பிசகாது. அது அவருக்குத் தெரியும். மற்றவர்களுக்கும் தெரியும்படி பார்த்துக்கொண்டார்.

1994ஆம் ஆண்டு நகரசபைக்குக் கடைகளின் வரியை மாற்றும் யோசனை வந்தது. நவம்பரில் தேர்தல். தாங்களே மாற்றினால் வாக்குப் போய்விடும் என்று உறுப்பினர்கள் பயந்தார்கள். ஆகவே வாக்குச்சீட்டில் ஒரு கேள்வியாகப் போட்டு, பழியைச் சனத்திடமே விட்டுவிடலாம் என்று எண்ணினார்கள். ஆனால் அப்படிக் கேட்கலாமா என்பதையும் முதலில் சனத்திடம் கேட்க வேண்டுமாம். அதற்காகப் பதினொரு மொழிகளில் துண்டறிக்கை அடிக்கத் தீர்மானித்தார்கள். நகரசபையின் மொழிபெயர்ப்பாளர் பட்டியலில் பெயர் இருந்ததால் தமிழ் வேலை பாலேஸ்வரியிடம் வந்தது.

ஆங்கிலக் கேள்வி எட்டு வரி நீளமான ஒரே வாக்கியம். கச்சேரி முறைப்படி, ஒரு சொல்லையும் விடாமல் அதைத் தமிழாக்கினார். கட்டடத்துக்குக் கீழே இறைச்சிக் கடை வைத்திருந்த மஸூரிடம் வாசிக்கக் கொடுத்தார்.

‘நடைமுறையிலுள்ள வர்த்தக வரி வகுப்புகளைத் தொடர்ந்து பேணாதிருத்தலை நகரசபை தவிர்த்துக்கொள்ளாதிருப்பதை நீர் ஆட்சேபிக்கவில்லையா...’

மஸூர் கையைத் துடைத்துவிட்டு இரண்டு தரம் வாசித்தார்.

"அக்கா, நான் ஓம் எண்டு சொன்னா வரி கூடுமோ, குறையுமோ?"

"அது வசனத்திலையே இருக்கு."

"எந்த இடத்திலை?"

பாலேஸ்வரி தாளை வாங்கித் தேடினார். கிடைக்கவில்லை. தன் கையெழுத்திலேயே தான் தொலைந்துபோனது அவருக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் தொழிற்சாலைச் சாப்பாட்டறையிலிருந்து நகரசபைக்கு போன் எடுத்தார். மோரீன் என்ற எழுதுவினைஞர் மறுமுனையில் இருந்தார்.

"நீங்கள் மொழிபெயர்த்தால் போதும்," என்றார் மோரீன். "விளக்கம் சொன்னால் மக்களின் மனதை மாற்றியதாகிவிடும்."

"எனக்கே விளங்காததை நான் எப்படி மொழிபெயர்ப்பது?"

மோரீன் அவரைக் காக்க வைத்தார். பத்து நிமிடம் காதுக்குள் பியானோ ஒலித்தது. பிறகு வந்து, ‘ஆம்’ என்றால் வரி குறையும் என்றார். அரை மணித்தியாலத்தில் அவரே திருப்பி அழைத்தார். "மன்னிக்க வேண்டும். குறைவது பெரிய கடைகளுக்குத்தான். சின்னக் கடைகளுக்குக் கூடும். கணக்குப் பகுதியில் மூன்று பேரிடம் கேட்டுவிட்டேன், ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது."

பாலேஸ்வரி இரண்டு நாள் யோசித்தார். பதினேழு வருடத்தில் அவர் மூலத்தை ஒருநாளும் மீறியதில்லை. மூன்றாம் நாள் எட்டு வரியையும் வெட்டிவிட்டு எழுதினார்: ‘பெரிய கடைகளுக்கு வரியைக் குறைத்துச் சின்னக் கடைகளுக்குக் கூட்டலாமா? ஓம் / இல்லை.’

நகரசபையில் தமிழ் வாசிக்க யாரும் இல்லை. அப்படியே அச்சாகிவிட்டது.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் பாடசாலை மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். மற்றப் பத்து மொழிக்காரரும் நாலைந்து பேராக வந்து, விளங்காத பணிவோடு உட்கார்ந்தார்கள். தமிழர் மட்டும் இருநூறு பேர், கடைகளைப் பூட்டிவிட்டு வந்திருந்தார்கள். மேடையிலிருந்த நகரசபை உறுப்பினர் பூரித்துப்போனார். தமிழ்ச் சமூகத்தின் குடியுரிமை உணர்வு மற்றவர்களுக்கு ஒரு பாடம் என்றார். கை தட்டினார்கள்.

மஸூர் ஒலிவாங்கிக்குப் போனார். பெரிய கடைக்காரனின் வரியைத் தான் ஏன் சுமக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"அப்படி நாங்கள் ஒருபோதும் சொல்லவில்லையே," என்றார் உறுப்பினர்.

மஸூர் துண்டறிக்கையைத் தூக்கிக் காட்டினார். அன்றைக்கு உரைபெயர்க்க வந்திருந்த இரத்தினவேல் அதை வாங்கி, சத்தமாக ஆங்கிலத்தில் வாசித்தார். பின்வரிசையில் ஓர் இத்தாலிய முடிதிருத்துநர் எழும்பி, "இதைத்தானா கேட்கிறீர்கள்? அப்படியென்றால் எனக்கும் வேண்டாம்!" என்று கத்தினார். அதன் பிறகு பத்து மொழிகளிலும் சத்தம் கேட்டது.

உறுப்பினர் பக்கத்திலிருந்த கணக்கு அதிகாரியிடம் குனிந்தார். ஒலிவாங்கியை அணைக்க மறந்துவிட்டார். "இதையா நாம் கேட்கிறோம்?"

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சுருக்கமாகச் சொன்னால், ஆம்."

"எனக்கு இது தெரியாதே!" என்றார் உறுப்பினர். அன்று மேடையில் பேசப்பட்டவற்றில் முழு உண்மை அது ஒன்றுதான்.

பத்து நாளில் அந்தக் கேள்வி ‘மேலதிக ஆய்வுக்கு’ அனுப்பப்பட்டது. பாலேஸ்வரிக்கு ஒரு கடிதம் வந்தது. அவருடைய மொழிபெயர்ப்பு மூலத்தைவிடத் தெளிவாக இருப்பதால் ஏற்க முடியாது. மொழிபெயர்ப்பாளர் பட்டியலிலிருந்து அவர் நீக்கப்படுகிறார்.

கணவர் சச்சிதானந்தன் கடிதத்தை வாசித்துச் சிரித்தார். "விடும் பாலேஸ். விளங்க எழுதினதுக்குத்தானே தண்டனை."

"பிழை விட்டனான் எண்டு எழுதியிருக்கிறாங்கள்," என்றார் பாலேஸ்வரி. அன்றிரவு அவர் சாப்பிடவில்லை.

கடைக்காரர் சங்கம் அவருக்குப் பொன்னாடை போர்த்தத் தீர்மானித்தது. அழைப்பிதழில் தலைவர், உபதலைவர், போசகர், வாழ்த்துரையாளர் எல்லோருக்கும் பின்னால், பதின்மூன்றாவதாக அவருடைய பெயர் இருந்தது. அதில் ‘பாலேஸ்வரி’ என்பதற்குக் கால் போடாமல் ‘பலேஸ்வரி’ என்று அச்சடித்திருந்தார்கள். அவர் சிவப்புப் பேனையால் திருத்தித் தலைவரிடம் கொடுத்துவிட்டு மேடையேறினார்.

பொன்னாடை போர்த்தி முடிந்ததும் தலைவர் அவரை ஓரமாகக் கூப்பிட்டு ஒரு தாள் கோவையை நீட்டினார்.

"அக்கா, சங்கத்தின்ரை யாப்பு, சட்டதிட்டமெல்லாம். சந்தாவைக் கூட்டப்போறம். சின்னக் கடைக்காரர் கொஞ்சம் குழம்புவினம். ஒருத்தருக்கும் விளங்காத மாதிரி வடிவா எழுதித் தரவேணும். உங்களாலை ஏலும்."

பாலேஸ்வரி கோவையைத் திறந்து முதல் பக்கத்தை வாசித்தார்.

"இதை நான் தொடத் தேவையில்லை, தம்பி," என்றார். "இப்பவே நல்லா வந்திருக்கு."