நாலு அங்குல டை

சுங்கை பட்டாணி டவுனில் வீட்டிலிருந்தே தையல் வேலை செய்கிறேன். பிளவுசுக்கு அடுத்தபடி இப்போது அதிகம் வருவது பழைய டைகள்தான். நாலு அங்குல அகலத்தில் நெஞ்சை மறைத்ததையெல்லாம் இரண்டரையாகக் குறுக்கித் தரச் சொல்கிறார்கள். போன வருடம் என் கணவரும் அந்த வரிசையில் சேர்ந்தார்.

மகள் கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. விருந்தன்று எங்கள் கல்யாண டையைத்தான் கட்டுவேன் என்று மனிதருக்குப் பிடிவாதம். மகள் பார்த்துவிட்டு, "இது டையாப்பா, துண்டா?" என்றாள். முகம் சுண்டிப்போய், டையை என் மெஷின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

அந்த டை முப்பது வருடமாக முடிச்சோடுதான் தொங்கியது. ரப்பர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவருக்கு டை கட்டத் தெரியாது. இது எனக்கும் என் அண்ணனுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். கல்யாணத்தன்று கட்டிவிட்டதே அண்ணன்தான். அதன்பிறகு இவர் தளர்த்தித் தலைவழியாக மாட்டுவார், கழற்றுவார், அவ்வளவுதான்.

அண்ணனும் இவரும் பேசி மூன்று வருடமாகியிருந்தது. எங்கள் அப்பாவின் இறுதிச் சடங்கில் யார் முதலில் மாலை போடுவது என்று ஆரம்பித்த சண்டை. தாய்மாமன் இல்லாமல் மகளை எப்படி மணவறையில் உட்காரவைப்பது என்று எனக்குத் தூக்கமே இல்லை.

"மாப்ள நேர்ல வந்து கூப்பிட்டா வரேன்" என்றார் அண்ணன்.

"கார்டு அனுப்பியாச்சு, போதும்" என்றார் இவர்.

நான் முடிச்சை அவிழ்த்தேன். பின் தையலைப் பிரித்து, உள்துணியைக் குறுக்கி வெட்டி, கையாலேயே தைத்து முடித்தேன். நன்றாகத்தான் வந்திருந்தது.

"முடிச்சு எங்க?" என்றார்.

"அவுக்காம எப்படிங்க தைக்கிறது?"

மூன்று நாள் போனில் வீடியோ பார்த்துக் கட்டிப் பார்த்தார். ஒரு நாள் தொப்புளைத் தாண்டியது, மறுநாள் வயிற்றுக்கே எட்டவில்லை. வரப்போகிற மருமகனிடம் கேளுங்கள் என்றேன். முறைத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, "பாடாங் மேஹா வரைக்கும் போயிட்டு வரலாம், கெளம்பு" என்றார். அண்ணன் வீடு அங்கேதான். தாம்பூலத் தட்டை அதற்குள் காரில் வைத்துவிட்டேன்.

அண்ணன் வாசலுக்கு வந்து "வாங்க" என்றார். இவர் டையை நீட்டினார். அண்ணன் இவருடைய காலரைத் தூக்கி, கட்டி, இறுக்கிவிட்டு, "எளைச்சிட்டீங்க மாப்ள" என்றார்.

"உங்க தங்கச்சி சமையல், மச்சான்." இவர் தட்டை எடுத்துக் கொடுத்தார். "புள்ளைக்கு நீங்கதான் முன்ன நிக்கணும்."

நான் குசினிக்குள் போய் அடுப்போரம் நின்று அழுதேன்.

போன வாரம் யாரோ ஒருவருடைய டை முடிச்சோடு வந்தது. கீழ்ப்பகுதியை மட்டும் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தேன். இவர் காப்பியோடு வந்து நின்று வெகுநேரம் பார்த்தார்.

"முடிச்ச அவுக்காமலும் தைக்கலாம் போல."

"தைக்கலாம்" என்றேன், தலை நிமிராமல்.

காப்பியைக் குடித்து முடித்தார். "மச்சான் ஞாயித்துக்கெழம வரார்லா. தஞ்சோங் டாவாய்க்குப் போயி நல்ல மீனா வாங்கிட்டு வரேன்" என்றார்.