காற்றுச் செடிக்குச் சாம்பிராணி

செடி என்றால் அதன் கால் மண்ணில் இருக்க வேண்டும். ஏழு வயதில் எனக்கு உறுதியாகத் தெரிந்த சில விஷயங்களில் இது ஒன்று. பெங்களூர் கண்டோன்மென்டில் ஒரு துரை வீட்டுக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த சித்தப்பா, துரைசானி ஊட்டிக்கு வீடு மாற்றும்போது கொடுத்தாள் என்று ஓர் ஆர்க்கிட்டைக் கொண்டுவந்தார். இது காற்றைக் குடித்தே வாழும் என்றார். நான் நம்பவில்லை. வீட்டில் வேறு யாரும் நம்பாததுதான் அந்தச் செடிக்கு வினையாயிற்று.

அம்மா செம்மண்ணும் சாணமும் கொட்டி, அதைத் தொட்டியில் கழுத்துவரை புதைத்தாள். தொம்மலூரில் அப்போது சாணத்துக்கா பஞ்சம்? கொஞ்ச நாளில் இலை பழுத்து, வேர் கறுத்துக் கொழகொழவென்று ஆனது. தூக்கிக் குப்பையில் போடு என்றார் அப்பா.

அந்தச் சமயத்தில்தான் சித்தி தாய் வீட்டிலிருந்து திரும்பியிருந்தாள். முதல் பிரசவத்துக்குப் போனவள் தனியாக வந்திருக்கிறாள் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். எனக்குச் சொன்னதெல்லாம், சித்தி ஊருக்குப் போய் வந்திருக்கிறாள், உடம்பு சரியில்லை, தொணதொணக்காதே, அவ்வளவுதான். போகும்போது முழங்கைவரை அடுக்கியிருந்த வளையல்கள் எங்கே என்றுதான் நான் பார்த்தேன்.

சுவர்ப்பக்கம் திரும்பியே படுத்திருந்தவள், குப்பைக்கூடையில் கிடந்த செடியைக் கண்டதும் எழுந்து வந்தாள்.

"இது சாகலை அக்கா. குருத்து இன்னும் பச்சையா இருக்கு பாருங்க" என்றாள் அம்மாவிடம். வந்ததிலிருந்து அவள் அவ்வளவு பேசியது அன்றுதான்.

அழுகின வேரைக் கத்தரித்து, வெட்டின இடத்தில் மஞ்சள்தூள் அப்பினாள். தேங்காய் மட்டைமேல் கரித்துண்டுகளோடு செடியை வைத்துக் கட்டி, கிணற்றடிப் பலாமரத்தில் தொங்கவிட்டாள். கட்டுவதற்கு அவள் பெட்டியிலிருந்து எடுத்த துணி, பழைய வேட்டியைத் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆக்கி, சதுரமாகக் கிழித்தது. அடுக்கடுக்காக இருந்தது. ஒரு செடிக்கு எதற்கு இத்தனை துணி என்று யோசித்தேன்.

காலையில் அரிசி கழுவின தண்ணீரை இன்னும் நீர்க்கவிட்டுத் தெளிப்பாள். பூச்சி அண்டாமலிருக்கப் பூண்டுத் தண்ணீர். சாயங்காலம் வெதுவெதுப்பான தண்ணீரில் இலையைத் துடைத்து, எட்ட நின்று சாம்பிராணிப் புகை காட்டுவாள். வாயில்லாத செடி எந்த வழியாகக் குடிக்கிறது என்று கண்டுபிடிக்க, நான் கண் எரிய எரிய அந்தப் புகைக்குள் நிற்பேன்.

ஒருநாள் கால் கழுவ வந்த சித்தப்பா, சித்தியைச் சிரிக்கவைக்க நினைத்தாரோ என்னவோ, "மஞ்சளாச்சு, குளியலாச்சு, சாம்பிராணியும் ஆச்சு. அடுத்தது காது குத்திடலாமா?" என்றார்.

நான் மட்டும்தான் சிரித்தேன். சித்தப்பா கழுவின காலையே மறுபடி கழுவினார். மறுநாள் இஸ்திரிக்காரரிடமிருந்து நல்ல கரியாகப் பொறுக்கிக்கொண்டு வந்து, பலாமரத்தடியில் வைத்துவிட்டுப் போனார்.

முதலில் வெள்ளையாக ஒரு வேர் எட்டிப்பார்த்தது. மறுவருஷம் மழை ஓய்ந்ததும் கொத்தாக ஊதாப் பூ. எதிர்வீட்டுக் கன்னடக்காரம்மா தெருவையே கூட்டி வந்து காட்டினாள்.

எல்லாரும் போனபிறகு சித்தி கண்மையைக் குழைத்து, மட்டையின்மேல் ஒரு பொட்டு வைத்தாள்.

"செடிக்குக்கூடக் கண் படுமா சித்தி?"

"படும்டி கண்ணு. முன்னால ஒரு தடவை பட்டுதே."

நான் அண்ணாந்து, பலாமரத்தைக் கிளை கிளையாகத் தேடினேன். பிறகு அவள் முந்தானையை இழுத்து, "எந்தச் செடிக்கு?" என்று கேட்டேன்.