கடல் கல் சுவர்

எங்கள் வீட்டுப் பின்சுவர் கடல் கல்லால் கட்டியது. பவளப்பாறையை வெட்டி எடுத்த கல். தொட்டுப் பார்த்தால் சின்னச் சின்னதாக ஓட்டை இருக்கும். எறும்பு குடியிருக்கும். கல்லும் அப்பா கொண்டுவந்ததுதான், சுவரும் அவர் கட்டினதுதான். தூத்துக்குடியில் அப்போது கல்லுக்குப் போவது ஒரு தொழில். வள்ளத்தில் தீவுப் பக்கம் போய், முங்கி, கடப்பாரையால் பெயர்த்துக் கொண்டுவந்து சுண்ணாம்புக் காளவாசலுக்குக் கொடுப்பார்கள்.

பிறகு அது கூடாது என்றது அரசாங்கம். தீவுகளைச் சுற்றின கடல் இனிமேல் பூங்காவாம். எனக்குத் தெரிந்த பூங்காவில் ஊஞ்சலும் சறுக்கலும் இருக்கும். கடலுக்குள் ஊஞ்சலை எதில் கட்டியிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டு திரிந்தேன். எட்டு வயசு இருக்கும் எனக்கு.

அம்மாவின் தம்பி, என் மாமா, அப்பாவோடு ஒரே வள்ளத்தில் போகிறவர். யாரையாவது கேலி பேசாமல் அவருக்குச் சோறு இறங்காது. ஒருநாள் சாப்பிடும்போது என்னைப் பார்த்துச் சொன்னார்.

"ஏளா, சங்கதி தெரியுமா? இனி கல்லு வச்சிருந்தாலே புடிச்சிட்டுப் போயிருவானாம். மொத வெலங்கு ஒங்கப்பாவுக்குத்தான். சுவரு முழுக்க வச்சிருக்காருல்லா."

"வாய மூடிட்டுத் தின்னுலே" என்றாள் அம்மா. சொல்லும்போதே சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டு எழுந்து போனார். அதனால் மாமா சொன்னது உண்மைதான் என்று எனக்குப் பட்டது.

மறுநாள் சாயங்காலம் வேலையை ஆரம்பித்தேன். மீன் கழுவின பிறகு செதிலையும் குடலையும் ஓலைக் கடகத்தில் அள்ளிக் கடலில் கொட்டுவது என் பொறுப்பு. என்னை அனுப்ப அம்மா மூன்று தடவை கத்த வேண்டும். அன்றைக்குக் கூப்பிடாமலே போனேன். பூவரசமரத்துக்குப் பின்னால் சுவரில் சாந்து உதிர்ந்த இடம் ஒன்று உண்டு. ஒரு கல்லை ஆட்டி உருவினேன். கடகத்தில் அடியில் வைத்து மேலே குடலைப் பரப்பினேன். கடலில் எறிந்துவிட்டு வந்தேன். அன்று முதல் தினமும் ஒரு கல்.

"பிள்ளைக்குப் பொறுப்பு வந்திட்டு" என்று அம்மா தெருவெல்லாம் சொன்னாள். சுவரில் ஓட்டை வந்ததை யாரும் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு அத்தையின் ஆடுதான் முதலில் பார்த்தது. உள்ளே வந்து அம்மா வைத்திருந்த முருங்கைக் கன்றை அடியோடு தின்றுவிட்டுப் போனது.

"ஏளா, ஒன் ஆட்டுக்குக் கொம்பா, கடப்பாரையா? சுவத்தயே பேத்துட்டுல்லா வருது!"

"ஆமா, எங்க ஆடு கல்லு திங்கும். போவியா. ஒன் மாப்பிள சுவரு கட்டுன லெச்சணம், ஆடு தும்முனா விழுது."

அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. எனக்கு ஆட்டைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் அப்பாவைப் பிடித்துக்கொண்டு போவதைவிட ஆட்டுக்குக் கெட்டபேர் வருவது பரவாயில்லை என்று இருந்துவிட்டேன்.

அப்பா கண்டுபிடித்தது கரையில் வைத்து. வள்ளத்துப் பக்கம் நின்றிருந்தார். நான் எறிந்த கல் விழுந்த சத்தம் குடல் விழுகிற சத்தம் இல்லை. பக்கத்தில் வந்தார்.

"என்னது அது?"

"கல்லு."

"எங்க உள்ளது?"

"நம்ம வீட்டுது."

"எதுக்கு எறியுத?"

"ஒங்களப் புடிச்சிட்டுப் போயிருவாங்கல்லா."

அடி விழும் என்று நின்றேன். அப்பா மணலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "இங்கன போட்டா அலை திருப்பிக் கொண்டாந்திரும். எடுத்த எடத்துலதான் போடணும். காலையில வா" என்றார்.

விடிய என்னை வள்ளத்தில் ஏற்றினார். பொட்டப்பிள்ளையைக் கடலுக்கா கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்று அம்மா வாசலில் நின்று கத்தினாள். நான் எறிந்த கற்களில் கரை ஒதுங்கினதைப் பொறுக்கி ஒரு கடகத்தில் வைத்திருந்தேன். வள்ளத்தின் அடியில் ஈரச் சாக்கு போட்டு எதையோ மூடியிருந்தது. தள்ளிவிட வந்த மாமா அந்தச் சாக்கைப் பார்த்தார்.

"அத்தான், வேண்டாம். ரெண்டு நாள் பாடு."

"தள்ளுலே."

"காளவாசல் ஆளு இன்னைக்கு எடுக்க வாரான். அவனுக்கு என்ன பதில் சொல்லுவிய?"

"தள்ளுலேங்கேன்."

மாமா தள்ளினார். அன்றைக்கு அவர் கேலி பேசவில்லை.

தீவுப் பக்கம் போனதும் அப்பா கரையில் கோயில் கோபுரத்தையும் புகைக்கூண்டையும் மாறி மாறிப் பார்த்து, அடையாளம் வைத்து, ஒரு இடத்தில் எஞ்சினை நிறுத்தினார். தண்ணீர் தெளிந்து கிடந்தது. எட்டிப் பார்த்தேன். கீழே மஞ்சளும் பழுப்புமாய் ஒரு தோட்டம். கிளிமீன்கள் மேய்ந்தன. இது பூங்காதான் என்று எனக்கே தெரிந்தது. நடுவில் வெள்ளை வெள்ளையாகக் குழி. பல் பிடுங்கின ஈறு மாதிரி.

என் கல்லை ஒவ்வொன்றாகப் போட்டேன்.

"ஒட்டிக்கிடுமாப்பா?"

"ம்."

பிறகு அவர் சாக்கை விலக்கினார். அதற்குக் கீழேயும் கல். என் கல் மாதிரி காய்ந்து வெளுத்தது இல்லை. பழுப்பு நிறம், வழவழப்பு, பச்சைக் கவிச்சி. ஒரு கல்லிலிருந்து குட்டி நண்டு ஒன்று ஓடியது. அப்பா அதைப் பிடித்துத் தண்ணீரில் விட்டார். கல்லை நான் எறிந்தது மாதிரி எறியவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, குனிந்து, சத்தம் வராமல் இறக்கினார். வள்ளம் காலியாகிற வரைக்கும் அப்படித்தான்.

அதற்கப்புறம் அவர் கல்லுக்குப் போகவில்லை. உப்பளத்துக்குப் போனார். காலில் உப்புப் புண் வந்தது. மாமா ஒரு வருசம் எங்கள் வீட்டில் சாப்பிடவில்லை. அம்மா திட்டிக்கொண்டே இருந்தாள். ஆனால் ராத்திரியில் நன்றாகத் தூங்கினாள். சுவர் ஓட்டையை அப்பா அடைக்கவேயில்லை. அம்மா அதில் பழைய வலையைக் கட்டினாள். என்னால்தான் போலீஸ் வரவில்லை என்று பல வருசம் பெருமையாக இருந்தேன். கூடாது என்று சொன்ன பிறகும் அப்பாவும் மாமாவும் விடியுமுன் கல்லுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள் என்பதை எனக்குக் கல்யாணமான பிறகு மாமாதான் சொன்னார். அப்போது அப்பா இல்லை.

அன்றைக்குத் தீவிலிருந்து திரும்பி வரும்போது எனக்கு ஒரே சந்தேகம். கேட்டேன்.

"அப்பா, நீங்களும் என்னய மாதிரி யாருக்கும் தெரியாமத்தான் எடுத்தியளா?"

"ஆமா."

"எந்தச் சுவத்துல?"

அப்பா முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்குப் புரிந்துவிட்டது. பக்கத்து வீட்டு அத்தை சுவராகத்தான் இருக்கும். சண்டை வரும் என்றுதான் சொல்ல மாட்டேன் என்கிறார். நான் நகர்ந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்தேன்.