வாயில் உட்காராத பெரியம்மா

கீச்சு என்ற பெயர் எங்கள் வீட்டுக்குள் முதலில் வந்தது அவளுடைய அத்தை வாய் வழியாகத்தான். அத்தை என்றால் அவள் அப்பாவோடு கூடப்பிறந்த அக்கா, எங்களுக்குச் சின்ன மாமனார் வழியில் நாத்தனார் முறை. ஆஸ்பத்திரியில் குழந்தையைப் பார்த்துவிட்டு நேரே வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "பொண்ணு பொறந்திருக்கு. கண்ணு மூக்கெல்லாம் லட்சணம். அழுதா மட்டும் எண்ணெய் காணாத கதவு மாதிரி கீச்சுங்குது" என்றாள். அவ்வளவுதான். அப்பா ஆசையாக வைத்த பெயர் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் ஆயிற்று.

குழந்தை நடக்கப் பழகுமுன்னே பெற்றவள் காய்ச்சலில் போய்விட்டாள். அத்தைதான் தூக்கி வளர்த்தாள். யாராவது புத்தியில்லாமல் "உங்கம்மா எங்க பாப்பா?" என்று கேட்டால் கீச்சு தயங்காமல் அத்தையைக் காட்டுவாள்.

எலிக்குஞ்சு மாதிரி இருந்த அந்தக் குரல், வயசுக்கு வருகிற சமயத்தில் ஒரு ஜலதோஷத்தில் இறங்கியது. ஜலதோஷம் போயிற்று, குரல் மட்டும் மேலே ஏறவே இல்லை. பானைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி கனத்து நின்றுவிட்டது. வண்டி உதிரிபாகக் கடையில் போன் எடுக்கிற வேலைக்குப் போனாள். "சொல்லுங்க" என்று அவள் சொன்னால், பேசியவர்கள் என்ன வேண்டும் என்பதையே மறந்துபோனார்கள். அப்படி மறந்தவர்களில் ஒருவர் கடைக்கே நேரில் வந்தார். டிவி தொடர்களுக்குக் குரல் பதிவு செய்கிறவர்.

"ஏம்மா, நீ பேசுறதுக்குக் காசு வாங்கலாமே" என்றார்.

"இப்பவும் பேசித்தானே சார் வாங்குறேன்" என்றாள் கீச்சு.

ஆனாலும் போனாள். சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய சின்ன அறை. பதிவு நடக்கும்போது மின்விசிறி சுற்றக் கூடாது, வளையல் கூடாது, மொடமொடப்பான சேலை கூடாது. முன்னே திரையில் வேற்று மொழிக்காரி ஒருத்தி வாயசைப்பாள். அந்த அசைவுக்குள் நம் வார்த்தை போய் அமர வேண்டும். அமர்ந்தால் "உக்காந்துடுச்சு" என்பார்கள். அமராவிட்டால் திரும்ப முதலிலிருந்து. ஆரம்பத்தில் பல வருஷம் கீச்சுவுக்குக் கும்பலில்தான் வேலை. வெள்ளத்தில் போகிறவள், "அரசர் வாழ்க" என்கிறவள், தீயைப் பார்த்து ஓடுகிறவள். ஊரே கேட்டது, ஒருவரும் கவனிக்கவில்லை.

பிறகுதான் அந்த மேகக்கோட்டைத் தொடர் வந்தது. பறக்கிற குதிரை, பேசுகிற கிணறு, அப்பா அம்மா யாரென்று தெரியாத ஓர் இளவரசன். அவனைத் துரத்தித் துரத்திக் கெடுக்கிற சூனியக்காரி ஒருத்தி, முகமெல்லாம் சாம்பல். சாம்பல்காரிக்குக் குரல் கீச்சு. முதல்முறையாக அவளுக்கென்று ஒரு வாய் கிடைத்தது. பஸ்ஸில் பின்சீட்டுப் பெண்கள் "அந்த நாசமாப் போறவ நேத்து என்ன பண்ணினா பாத்தியா?" என்று பேசும்போது, கம்பியைப் பிடித்துக்கொண்டு தனக்குள் சிரித்துக்கொள்வாள். வசவு வாங்குவதில் இப்படியொரு சந்தோஷமா என்று அவளுடைய வீட்டுக்காரர் கேலி செய்வார்.

ஒருநாள் பெரிய திருப்பம் ஒன்றைப் பதிவு செய்தார்கள். சாம்பல்காரி இளவரசன் ஓங்கிய கத்திக்கு நேரே நெஞ்சைக் காட்டிக்கொண்டு, தான் யாரென்று சொல்கிறாள். தாளில் இருந்தது, "நான் உன் பெரியம்மா." திரையில் அந்த நடிகையின் வாயோ திறந்து மூடி அத்தோடு நின்றுவிடுகிறது. கீச்சுவும் அழுத்திப் பார்த்தாள், விழுங்கிப் பார்த்தாள்.

"அவ வாயை மூடிட்டாம்மா. உன் 'மா' மட்டும் தனியா வந்து நிக்குது" என்றார் ஒலிப்பதிவுக்காரர்.

அடுத்த முறை திரையில் அந்த முகம் கலங்கியபோது கீச்சுவின் வாயில் தானாக வந்தது, "நான் உன் அத்தை." பாசமாக ஒரு சொல் வேண்டுமென்றால் அவள் வாய்க்கு வேறு என்ன தெரியும்? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவுக்காரர் கட்டைவிரலைத் தூக்கினார்.

"உக்காந்துடுச்சு. இதையே வெச்சுக்கலாம்."

"சார், தாள்ல பெரியம்மான்னு இருக்கே."

"ரெண்டும் ஆன்ட்டிதானம்மா. விடு."

வசனம் எழுதுகிறவர் மகளுடைய பிரசவத்துக்குப் போயிருந்தார். தடுக்க ஆளில்லை.

அது ஒளிபரப்பான மறுநாள் ஊர் இரண்டுபட்டது. அத்தை என்றால் சாம்பல்காரியின் மகள், அந்தப் பச்சைக்கண்ணி, இளவரசனுக்கு முறைப்பெண் அல்லவா? பச்சைக்கண்ணியைப் பிடித்தவர்களுக்குத் தலைகால் புரியவில்லை. அவனுக்கு ஏற்கெனவே நிச்சயமான இளவரசியின் கட்சிக்காரர்கள், "இத்தனை நாள் இல்லாத அத்தை எங்கிருந்து முளைச்சா?" என்று சண்டைக்கு வந்தார்கள். எங்கள் வீட்டிலேயே மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு கட்சி. கீச்சுவுக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமை அடுத்த வாரத்துப் பதிவு வரைக்கும்தான். கதையில் இளவரசன் பச்சைக்கண்ணியின் கையைப் பிடித்து, "தங்கையே" என்று அழைத்து, தளபதிக்குக் கட்டிவைக்கிறான். கீச்சு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அத்தை மகளை எவன் தங்கச்சி என்பான்? சேனல்காரர் பதிவு அறைக்கே வந்துவிட்டார்.

"யாரு மாத்தினது?"

ஒலிப்பதிவுக்காரர் வாயைத் திறப்பதற்குள் கீச்சு முந்திக்கொண்டாள். "என் வாய்ல வந்தது சார். தப்பு என்னோடதுதான்."

"அம்மாவோட அக்கா யாரு, அப்பாவோட அக்கா யாருன்னு தெரியாதவங்களை வெச்சு நாங்க என்னத்த ஓட்டுறது? நாளையிலேருந்து வேற குரல் போட்டுக்கறோம்."

எங்கள் குடும்பத்தில் ஏழு தலைமுறை சொந்தத்தை முறை பிசகாமல் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வீட்டுப் பெண்ணுக்கா இந்தப் பேச்சு என்று எங்களுக்கெல்லாம் ஆறவில்லை. கீச்சுவுக்கு அந்தக் கவலை இல்லை. கிடைத்த ஒரே வாய் போயிற்று, இனி பழையபடி வெள்ளத்தில் போகிறவளாக வேண்டியதுதான் என்று சாப்பிடாமல் கிடந்தாள்.

வேறொருத்தி குரலோடு சாம்பல்காரி டிவியில் வந்தாள். நல்ல குரல்தான், குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அன்றைக்கு மறுநாள், தைக்கக் கொடுத்திருந்த ரவிக்கையை வாங்கக் கீச்சு தையல்கடைக்குப் போனாள். தையல்காரம்மா மிஷினை விட்டுத் தலைநிமிராமல், பொத்தான் கட்டுகிற தன் தங்கையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நேத்து வந்தது சாம்பல்காரியே இல்லடி. எவளோ அவ வேஷம் போட்டுக்கிட்டு வந்திருக்கா. நிஜமானவளை எங்கயோ அடைச்சு வெச்சிருக்காங்க, பாத்துக்கிட்டே இரு."

"குரல் மாறினா ஆளே மாறிடுவாளா? சளி பிடிச்சிருக்கும்க்கா."

"சளியும் இல்ல, கபமும் இல்ல. அவ பேசினா எனக்குத் தெரியாதா? எங்க வீட்டுக்காரர் தவறிப்போன வருஷம் வீடு வெறிச்சுனு கிடந்துச்சே, அப்ப தினம் வந்து பேசினது அவ ஒருத்திதான். கெட்டவளா இருந்தா என்ன? கூட ஒரு குரல் இருந்துச்சு."

கீச்சு தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "என் ரவிக்கை ஆயிடுச்சாக்கா?" என்றாள்.

மிஷின் நின்றது. தையல்காரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கீச்சுவை மேலும் கீழும் பார்த்தாள். "ஏண்டி, இத்தனை வருஷமா என்கிட்டதான் தைக்கறே. வாயத் திறந்து ரெண்டு வார்த்தை பேசியிருக்கியா? தலையை ஆட்டியே காரியத்தை முடிச்சிட்டியே, ஊமச்சி." சொல்லிக்கொண்டே எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கீச்சு நடந்ததையெல்லாம் சொல்லி அழுதாள்.

"அழாதே. எனக்குத் தோணினது ஊருக்குத் தோணாதா?" என்றாள் தையல்காரம்மா.

தோன்றியிருந்தது. சேனல் அலுவலகத்தில் போன் ஓயவில்லையாம். எவளோ போலி வந்திருக்கிறாள், நிஜ சாம்பல்காரி எப்போது தப்பித்து வருவாள் என்றே எல்லோரும் கேட்டார்கள். அத்தையா பெரியம்மாவா என்று யாரும் கேட்கவில்லை. குரல் மாறியதையே புதுத் திருப்பமாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். சேனல்காரருக்கு அதற்குமேல் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பேரன் பிறந்த களிப்போடு திரும்பிய வசனகர்த்தாவைப் பிடித்து உட்காரவைத்தார். கீச்சுவுக்கு ஆள் போயிற்று.

அடுத்து வந்த காட்சியில் சாம்பல்காரி கோட்டை மதிலில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். முதுகு காட்டி நின்றால் எவ்வளவு நீளமான வார்த்தையும் உட்காரும், பார்க்க வாய் இல்லையே. "எவளோ என் வேஷத்தில் வந்து உன்னை ஏமாற்றப் பார்த்தாள், மகனே. நானும் உன்னை ஏமாற்றினேன். அத்தை என்றால் விட்டுவிடுவாயா என்று சோதித்தேன். நான் உன் தாயின் அக்கா, உன் பெரியம்மா" என்று கீச்சு நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். முதல் முறையிலேயே முடிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவுக்காரர் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

பச்சைக்கண்ணி கட்சிக்காரர்கள் கொஞ்ச நாள் சேனலைத் திட்டினார்கள். ஆனாலும் நிஜ சாம்பல்காரி வந்துவிட்டாள் என்று பார்ப்பதை விடவில்லை. முகம் தெரியாத அத்தனை பேர் தன் குரலைத் தேடினார்கள் என்பதைக் கீச்சுவால் நெடுநாள் நம்ப முடியவில்லை. பஸ்ஸில் ஏறினால் இவர்களில் யாரெல்லாம் போன் போட்டிருப்பார்கள் என்று பார்த்துக்கொண்டே போவாள். யாரென்று தெரியாததால் எல்லோருக்குமே இடம் விட்டு நிற்பாள்.

மேகக்கோட்டை முடிந்துவிட்டது. கீச்சு அதே பஞ்சு ஒட்டிய அறையில்தான் இருக்கிறாள். இப்போது வேறொரு தொடரில், கிழட்டு ஆமை ஒன்றுக்குக் குரல் கொடுக்கிறாள்.