ராஜினி ஊன்றிய கொடி

செவ்வாய்க்கிழமை காலை வெரிபீயில் என் வீட்டிலிருந்து வேலைக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தபோது ராஜினியின் கணவர் அழைத்தார். மூன்று வருடமாக அவர் வீட்டிலிருந்து எனக்கு அழைப்பு வந்ததில்லை. "ராஜினி எங்களை விட்டுட்டுப் போட்டா, சுதா. விடிய நெஞ்சு நோகுது எண்டவ..." என்றவர், போனை வைத்துவிட்டார்.

ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருடம் நானும் ராஜினியும் அடுத்தடுத்த மேசை. குழாயில் ஒட்டிய பெயர் ஓர் எழுத்து மங்கலாக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். டாக்டர்கள் போனில் கத்துவார்கள். "தெரியாது எண்டு சொல்லுறதுக்கு என்ன வெக்கம்?" என்று அமைதியாகக் கேட்பார். எங்களுக்குத்தான் எரிச்சலாக இருக்கும்.

பெண்கள் கோல்ஃப் சாம்பியன்ஷிப்புக்குத் தொண்டர்கள் தேவை என்ற அறிவிப்பை ஓய்வறையில் பார்த்து என்னையும் சேர்த்துப் பெயர் கொடுத்தவர் அவர்தான். இருவருமே கோல்ஃப் மட்டையைத் தொட்டதில்லை. எனக்கு இலவசத் தொப்பியில் கண். அவரோ கிரான்பர்னில் தன் வீட்டுக்குப் பக்கத்துப் பயிற்சி மைதானத்தில் மாலை தோறும் நின்று, முன்பின் தெரியாதவர்கள் அடித்த பந்துகள் விழும் இடத்தைப் பார்த்துப் பழகினார். எங்களுக்குக் கொடுத்த வேலை அவ்வளவுதான்: பந்து எங்கே போகிறதென்று பார்த்து, அங்கே சின்னக் கொடி ஒன்றை ஊன்ற வேண்டும்.

வெள்ளிக்கிழமை மதியம் லிட்கம்மில் வளர்ந்த ஒரு தமிழ்ப் பெண் ஆட வந்தாள். அன்றைய ஆட்டத்தில் தேறினால்தான் சனி, ஞாயிறு ஆடலாம். தேறாவிட்டால் வெறுங்கையோடு வீட்டுக்கு. அவள் அடித்த பந்து வளைந்து குளத்தில் விழுந்தது. கரையை அது எந்த இடத்தில் தாண்டியதோ அதையொட்டித்தான் அடுத்த பந்தை வைக்க வேண்டும். நான் கரையில், பந்து போய் விழ வேண்டிய குழிக்கு நெருக்கமாகக் கொடியை ஊன்றினேன். ராஜினி ஐம்பது மீட்டர் பின்னால் ஊன்றினார். நடுவர் இருவரையும் கேட்டார். இருவருமே நிச்சயம் என்றோம். அந்தப் பெண் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, தானாகவே ராஜினியின் கொடிக்கு நடந்தாள். ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் தேறாமல் போனாள்.

கார் நிறுத்துமிடத்தில் நான் சண்டை பிடித்தேன். நம்ம பெண்ணுக்காக வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"நான் பந்தைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான், சுதா. பிள்ளையைப் பாக்கேல்லை."

அதோடு பேச்சு நின்றது. அடுத்த மாதமே வேறு ஆஸ்பத்திரிக்கு மாறிக்கொண்டேன். தமிழ்ப் பெண்ணின் வாய்ப்பைக் கெடுத்தவர் என்று நம் தமிழர் பொங்கல் விழாவில் உங்களிடமெல்லாம் சொன்னவள் நான். நீங்களும் நம்பினீர்கள். அதன் பிறகு நம் விழாக்களுக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை இறுதிச் சடங்கில்கூட, "நல்ல மனுஷி, அந்த கோல்ஃப் விஷயத்துலதான் கொஞ்சம் பிடிவாதம்" என்று ஒருவர் என் காதோரம் சொன்னார். நான் தலையாட்டினேன். அதற்காக என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

ஆகவே ராஜினியை அறிந்த உங்களிடம் சொல்கிறேன். அன்று நான் பந்தைப் பார்க்கவில்லை. நம் பெண் ஒருத்தி அத்தனை பேர் நடுவில் மட்டையை வீசிய அழகில் சொக்கிப்போய் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் எனக்குப் பிடித்த இடத்தில் கொடியை ஊன்றினேன். ராஜினிக்கு அது தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் பக்கம் நியாயம் திரும்பியிருக்கும். அவர் சொல்லவில்லை.

என்னைக் காட்டிக்கொடுக்காத அந்த மௌனம்தான் அவருடையதாக என்னிடம் இருக்கிறது. பந்து எங்கே போனதென்று எனக்குத் தெரியாது, ராஜினி. இந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு மூன்று வருடம் இருந்தது.