நாடாவின் மறுநுனி

எங்கள் தெருவில் குழந்தைக்கு நாப்பி கட்டத் தெரியாத பெண் ஒருத்திகூடக் கிடையாது. ஆனாலும் நான்கு மாதப் பெண் குழந்தையோடு றஸாக் தனித்துக் கிடந்தபோது, அவன் வீட்டுக்குள் ஒருத்தியும் கால் வைக்கவில்லை. மனைவி இல்லாத நேரம் ஓர் ஆண்பிள்ளையின் வாசலைத் தாண்டினால் கல்முனைக் கடைத்தெரு வரைக்கும் கதை போய்விடும். ஆண்கள் தாராளமாகப் போகலாம். போய் என்ன செய்ய? அவர்களுக்கு நாப்பி என்றால் கொடியில் காயும் துணி. இந்த ஒழுங்கை ஏற்படுத்தியவர் யாராக இருந்தாலும் பிள்ளை வளர்த்தவராக இருக்கமாட்டார்.

நான் ஹாஜறா, பக்கத்து வீட்டுக்காரி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் நெஞ்சளவு மதில். மதிலை ஒட்டித்தான் என் தையல் மெஷின். அங்கேயிருந்து பார்த்தால் அவன் விறாந்தை முழுவதும் தெரியும். பார்த்தேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

றஸாக் நற்பிட்டிமுனையில் ஒரு நெல் மில்லில் சாக்கு கட்டியவன். கல்யாணமாகி ஒரு வருடத்தில் மில் பெல்ட் அவனுடைய இடது கையை மணிக்கட்டோடு கொண்டுபோய்விட்டது. அதன் பிறகு குரல் நல்லாயிருக்கிறது என்று தெருமுனைப் பள்ளிவாசலில் மோதினாராக வைத்தார்கள். ஐந்து நேரமும் தொழுகைக்குப் பாங்கு சொல்வான். பாங்கு சொல்ல ஒரு கை போதும். பிள்ளை வளர்க்கப் போதாது என்பது, அவன் மனைவி றுமானாவை இதய ஆபரேசனுக்காகக் கண்டிக்குக் கொண்டுபோன அன்றுதான் தெரிந்தது. அவள் உம்மாவும் துணைக்குப் போய்விட்டார். குழந்தையைக் கொண்டுவர வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பால்மாவும் போத்தலும் றஸாக்கும்தான் மிச்சம்.

கடையில் விற்கும் ஒட்டு நாப்பி குழந்தைக்கு ஒத்துவரவில்லை. தொடையெல்லாம் சிவந்து கொப்புளம் போட்டது. துணி மட்டும்தான் கட்ட வேண்டும் என்று குடும்பநல மாது சொல்லிவிட்டுப் போனார். துணியென்றால் ஒரு நாளைக்கு இருபது தடவை. பாங்கு நேரத்தில் மதிலுக்கு மேலால் குழந்தையை என்னிடம் நீட்டுவான். அப்போது நான் கட்டிக் கொடுப்பேன். மற்ற நேரமெல்லாம் அவன் பாடு. நான் ஏன் முழுநாளும் வைத்துக்கொள்ளவில்லை என்று கேட்கலாம். வீட்டில் பாரிசவாதத்தில் படுத்திருக்கும் மனிதரையும் பார்த்து, தையலையும் பார்க்கிறேன். அதற்கு மேல் எனக்கு ஏலாது. அவ்வளவுதான்.

அவன் நாப்பியை முக்கோணமாக மடித்துப் போட்டு, ஒரு மூலையைப் பல்லில் கடித்து, மறு மூலையைக் கையால் சுற்றி இழுத்துச் சாக்கு முடிச்சுப் போடுவான். அந்த ஒரு முடிச்சுத்தான் அவனுக்கு ஒற்றைக் கையால் வரும். மில்லில் எட்டு வருடம் போட்ட முடிச்சு, கையறியாமல் விழும். முதல் இரண்டு கிழமை நானும் கெட்டிக்காரன் என்றுதான் நினைத்தேன்.

றுமானாவின் ராத்தா, மூத்தவள் பஸ்மிலா, ஒரு வெள்ளிக்கிழமை பொத்துவிலிலிருந்து வந்தாள். அறுகம்பேயில் அவள் புருசனுக்குக் கெஸ்ட் ஹவுஸ். பன்னிரண்டு வருடமாகப் பிள்ளையில்லை. என்னைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டுதான் விறாந்தையில் ஏறினாள். குழந்தையை மடியில் போட்டு நாப்பியை அவிழ்க்கப் பார்த்தாள், முடிச்சு அவிழவில்லை. கடைசியில் என் கத்தரிக்கோலால் வெட்ட வேண்டியதாயிற்று. துணிக்கடியில் இடுப்பைச் சுற்றி விரல் தடிப்பில் சிவப்புத் தழும்பு.

பிறகுதான் எனக்கு உறைத்தது. சாக்கு முடிச்சு இழுபட இழுபட இறுகும். காய்ந்த நெல்லுக்கு அது சரி. ஈரத் துணியில் போட்டுவிட்டுப் பிள்ளை காலை உதைத்தால், ஒவ்வொரு உதைக்கும் ஒரு சுற்று இறுகும். தினமும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கே அது தோன்றவில்லை.

"நெல்லு மூட்டையெண்டு நினைச்சீங்களா தம்பி?" பஸ்மிலா கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லது. "உங்களக் குத்தம் சொல்லல்ல. ஒத்தக் கையால ஏலாத வேல இது. புள்ளய நான் கொண்டுபோறன்."

"றுமானா வரட்டும் மதினி."

"அவக்கிட்டக் கதைச்சிட்டுத்தான் வந்த. ஓம் எண்டுட்டா."

றஸாக் வெட்டிய துணியைக் கைக்குள் சுருட்டினான். அவன் பயம் எனக்குத் தெரியும். இந்தப் பக்கத்தில் பிள்ளையில்லாத ராத்தாவுக்குத் தங்கச்சி பிள்ளையைக் கொடுப்பது புதிதல்ல. "கொஞ்ச நாளைக்கு" என்றுதான் கொண்டுபோவார்கள். எங்கள் தெருவிலேயே ஒரு பையன் பெற்ற உம்மாவைச் சாச்சி என்று கூப்பிடுகிறான். அதோடு, எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பான். வீடு றுமானாவினுடையது, சொந்தம் றுமானாவினுடையது. குழந்தையும் போய்விட்டால் அந்த வீட்டில் அவன் யார்?

"ஒரு கிழமை தாங்க," என்றான். பஸ்மிலா என்னைப் பார்த்தாள். நான் கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அடுத்த வெள்ளி அஸர் பாங்குக்கு முன்ன வருவன். எனக்கு முன்னால நீங்களே கட்டிக் காட்டோணும். தழும்பும் இரிக்கக்கூடா, ஒழுகவும் கூடா."

அந்தக் கிழமை என் மெஷின் வேறு வேலை பார்க்கவில்லை. முதலில் மஞ்சள் தலை வைத்த பெரிய சேஃப்டி பின்கள். பின்னின் வாயைத் திறந்து துணிக்குள் ஏற்றும்போது, அடியில் பிள்ளையின் தோல் படாமல் மற்றக் கை இருக்க வேண்டும். அந்தக் கை இல்லை. மொட்டைக் கையை உள்ளே வைத்துப் பார்த்தான், அதிலேயே இரண்டு தடவை குத்திக்கொண்டான். பிறகு அழுத்துப் பொத்தான் வைத்தேன். அதை அமுக்கினால் வயிற்றில் அமுங்கிப் பிள்ளை குடித்த பாலைக் கக்கியது. சப்பாத்தில் இருக்குமே, கிர்ரென்று பிரியும் ஒட்டு நாடா, அது இரண்டு நாள் அருமையாக வேலை செய்தது. மூன்றாம் நாள் அலசலில் நூலும் மணலும் ஏறி ஒட்ட மறுத்துவிட்டது. இலாஸ்டிக் வைத்த ஜட்டி வழுக்கி முழங்காலுக்குப் போனது. அன்று அவன் சாரன் நாலு தடவை நனைந்தது. மூத்திர நஜீஸ் பட்ட சாரனோடு பள்ளிக்குள் போக முடியுமா? பாங்கு சொல்லப் போகுமுன் ஒவ்வொரு தடவையும் கழுவி, மாற்றி, ஓடினான்.

செவ்வாய்க்கிழமை மதிலடியில் வந்து நின்றான். "எனக்கு மூச்சு முட்டுது ராத்தா. பள்ளி, வீடு, பள்ளி, வீடு. புள்ள நித்திரையெண்டாலும் வாசல் வரைக்கும் போகப் பயமா இரிக்கி. குடுத்திட்டு எங்கயாவது போயிருவமா எண்டும் ஒரு நினைப்பு வருது. மறுகா அத நினைச்சாலே நெஞ்சு பதறுது."

"வெள்ளிக்கிழம வரைக்கும் பொறு தம்பி," என்றேன்.

கடைசியாக இரண்டு பக்கமும் நாடா வைத்துத் தைத்தேன். சப்பாத்து நாடாவுக்குப் போடும் சுருக்குப் போட்டுக் கட்டினால் இறுகாது, இழுத்தால் அவிழும். ஆனால் அதற்கு இரண்டு நுனியையும் பிடிக்க வேண்டும். ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்தான். குழந்தை அவன் தாடியைப் பிடித்தது. பிடித்தால் விடுகிற சாதியில்லை அது. அவன் வலியில் கண் கலங்கிக் கொஞ்ச நேரம் அப்படியே குனிந்திருந்தான். பிறகு அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தாடியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நாடாவின் நுனியை வைத்தான். குழந்தை அதையும் இறுக்கிப் பிடித்தது. அவன் மறுநுனியைச் சுற்றி, சுருக்கை நுழைத்து, இழுத்தான்.

கட்டு விழுந்தது. நான் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று அல்லாஹ்வைப் புகழ்ந்தேன், கொஞ்சம் சத்தமாகவே.

புதனும் வியாழனும் இருபது தடவையும் அப்படித்தான். நாப்பியை விரித்ததும் குழந்தை கையை நீட்டத் தொடங்கிவிட்டது. நுனியைக் கொடுத்ததும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும்.

வெள்ளிக்கிழமை ஓட்டோவில் வந்து இறங்கினாள் பஸ்மிலா. இந்தத் தடவையும் துணைக்கு என்னை விறாந்தை ஓரத்தில் இருத்திக்கொண்டாள். கையில் புதுத் தொட்டில் துணி. அவள் தீர்மானித்துத்தான் வந்திருக்கிறாள் என்று அதைப் பார்த்ததும் தெரிந்தது. குழந்தையின் இடுப்பைத் திருப்பிப் பார்த்தாள். தழும்பு ஆறியிருந்தது. "ம், கட்டுங்க," என்றாள்.

றஸாக் நுனியைக் கொடுத்தான். குழந்தையின் கண் பஸ்மிலாவின் காப்பில் இருந்தது. மூன்று சோடிக் காப்பு, அவள் கையை அசைத்தால் கலகலக்கும். நாடா விழுந்தது. மறுபடி கொடுத்தான், மறுபடி விழுந்தது. அவன் பல்லில் கடித்துப் பார்த்தான், குழந்தை காப்புப் பக்கம் திரும்பியதில் முடிச்சு நழுவியது. காப்பைக் கழற்று என்று சொல்ல என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அதற்காக இன்று வரை என்னை நானே ஏசுகிறேன்.

பின்னேர அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. பாங்கு காத்திராது.

"நீங்க போங்க தம்பி. நான் கட்டுறன்," என்றாள் பஸ்மிலா. வாசலில் ஓட்டோ நின்றது. றஸாக் குழந்தையைப் பார்த்தான், ஓட்டோவைப் பார்த்தான், படியிறங்கிப் போனான். ஒலிபெருக்கியில் அன்று அவன் குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. தெரு முழுக்கக் கேட்டது.

பஸ்மிலா காப்பை மேலே தள்ளிவிட்டு இரண்டு நுனியையும் எடுத்தாள். குழந்தை கையை நீட்டி ஒரு நுனியைப் பிடித்தது. அவள் பிரித்து எடுத்தாள். வீரிட்டு அழுதது. திரும்பக் கொடுத்தாள், அழுகை நின்றது. எடுத்தாள், அழுதது. அவளுக்கு இரண்டு கையும் இருந்தது, இரண்டு நுனிதான் கிடைக்கவில்லை. ஒற்றைக் கையால் சுருக்குப் போட அவளுக்குத் தெரியாது. அதற்குள் குழந்தை மூத்திரம் பெய்து அவள் அபாயா தொடை வரை நனைந்தது. நான் உதவிக்குப் போகவில்லை. வேண்டுமென்றேதான் போகவில்லை.

தொழுகை முடிந்து றஸாக் ஓடி வந்தான். ஓட்டோ அதே இடத்தில் நின்றது. விறாந்தையில் பஸ்மிலா நனைந்த மடியோடு அசையாமல் இருந்தாள். நாப்பி கட்டாமல் விரிந்து கிடந்தது. குழந்தை நாடாவின் நுனியைப் பிடித்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது.

பஸ்மிலாவின் கன்னமும் நனைந்திருந்தது. "எனக்கு நுனியத் தருதில்ல தம்பி," என்றாள். "வாங்க. வந்து நீங்களே இழுங்க."

அவன் முழந்தாளிட்டு மறுநுனியை எடுத்தான். அவள் தொட்டில் துணியை மடித்துப் பாயில் வைத்துவிட்டு, ஓட்டோவில் தனியாக ஏறினாள்.