ருசி பார்க்காத சமையல்காரர்

மந்தாரை இலை கருகும் வாசனை வந்தால் எனக்கு மக்ரோனிதான் நினைவுக்கு வரும். காஞ்சிபுரத்தில் மற்றவர்களுக்கெல்லாம் அது கோயில் இட்லி வாசனை; வேறு யாருக்கும் இப்படியொரு சாபம் இருக்காது.

எழுபதுகளில் நான் ஒரு பட்டுக்கடையில் இங்கிலீஷ் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். மொத்தமாகச் சேலை வாங்க வந்த வெள்ளைக்கார அம்மாளை முதலாளி தன் வீட்டு விருந்துக்கு அழைத்தார். அவள் தரப்போகும் ஆர்டர் அந்த விருந்தை நம்பித்தான் இருந்தது. சமைக்க, கோயில் மடப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்ந்த ஒருவரைப் பிடித்து வந்தார்.

ஒல்லி உடம்பு, புகையில் வெந்த கண்கள். மடப்பள்ளி வழக்கப்படி, மூச்சு படாமல் வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் அடுப்பருகே போவார். அம்மாளுக்குப் பிடிக்குமென்று முதலாளி வாங்கி வந்த மக்ரோனிப் பொட்டலத்தில் இருந்த இங்கிலீஷ் குறிப்பை நான் தமிழில் சொல்லச் சொல்ல, வெந்த மக்ரோனியையும் காய்களையும் கெட்டியான பாலில் கலந்து, மந்தாரை இலை விரித்த பாத்திரத்தில் கொட்டி, மூடிமேலும் தணலை அள்ளிப் போட்டார்.

"கொஞ்சம் வாயில போட்டுப் பாத்துக்குங்க சாமி," என்றார் முதலாளி.

"நைவேத்தியத்துக்கு முன்னாடியா? அபசாரம்!"

அம்மாள் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டு, ஆகா ஓகோவென்று புகழ்ந்து, ஆர்டரில் கையெழுத்தும் போட்டுவிட்டுப் போனாள். பிறகுதான் முதலாளி ஒரு வாய் வைத்தார். முகம் கோணியது. குறிப்பில் உப்பு என்ற வரியை நான் தாண்டிவிட்டது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தெரிந்தால் என் வேலை போய்விடும்.

"உப்பே இல்லியே சாமி! அந்தம்மா இன்னா நெனச்சிக்கினு போச்சோ!"

சமையல்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார், காட்டிக்கொடுக்கவில்லை. வாசலில் செருப்பை மாட்டியபடி சொன்னார்:

"நாப்பது வருஷம் பெருமாளுக்குப் படைச்சேன், ஒரு நாள்கூட உப்பு இல்லேன்னு அவர் சொன்னதில்லை. அந்த அம்மாளும் சொல்லலை. உமக்கு மட்டுந்தான் தெரியறது."